புரோட்டீன் பவுடரில் ஈயமும் காட்மியமும்: எந்த டப்பாவைத் தேர்ந்தெடுப்பது?

தினமும் புரோட்டீன் பவுடர் கலக்கிக் குடிப்பவர்களில் பலரை, அண்மையில் வந்த ஆய்வக முடிவுகள் கலங்கடித்திருக்கின்றன. பொடியில் ஈயம் இருக்கிறது, காட்மியம் இருக்கிறது, சிலவற்றில் ஆர்சனிக்கும் இருக்கிறது. செய்தியைப் படித்ததும் டப்பாவைக் குப்பையில் போட்டவர்கள் உண்டு. "எல்லாச் சாப்பாட்டிலும்தான் இருக்கிறது, இதிலென்ன" என்று தொடர்ந்து குடிப்பவர்களும் உண்டு. இரண்டு முடிவுமே அவசரத்தில் எடுத்தவை என்றுதான் எனக்குப் படுகிறது. ஒரு பொடிக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. மூலப்பொருள், சுவை, அளவு என்ற மூன்றையும் பார்த்து வாங்கினால், அதே புரதத்தைப் பல மடங்கு குறைந்த ஈயத்தோடு பெற்றுவிடலாம். அதனால் எல்லாப் பொடியையும் ஒரே தட்டில் வைத்து நல்லது, கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல், ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்ப்போம்.

இந்த உலோகங்களை யாரும் பொடியில் கலப்பதில்லை. அவை மண்ணிலிருந்து வருகின்றன. பல பத்தாண்டுகள் பெட்ரோலில் கலந்து எரித்த ஈயம் புகையாகப் போய் மண்ணில் படிந்தது. வாகனங்களுக்கான ஈயப் பெட்ரோலைக் கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, அதுவும் 2021-ல்தான். பாஸ்பேட் உரத்தோடு காட்மியம் வயலுக்கு வருகிறது. சுரங்கக் கழிவு, பழைய பெயின்ட், இயற்கையாகவே சில பாறைகளில் உள்ள ஆர்சனிக் என்று மற்ற வழிகளும் உண்டு. செடி வேர் வழியாக இவற்றையும் சேர்த்தே உறிஞ்சுகிறது. அப்புறம் ஆலையில் விதையிலிருந்து மாவுச்சத்தையும் நாரையும் எண்ணெயையும் நீக்கிப் புரதத்தை மட்டும் செறிவாக்கும்போது, புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும் உலோகமும் கூடவே செறிவாகிவிடுகிறது. ஒரு கைப்பிடி பட்டாணியில் கவலைப்படத் தேவையில்லாத அளவு, பொடியான பிறகு கவனிக்க வேண்டிய அளவாவது இப்படித்தான்.

ஒரு நாள் குடித்ததால் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது. பிரச்சினை தினமும் குடிப்பதில் இருக்கிறது. ஈயம் ரத்தத்தில் சில வாரங்களே தங்கும். ஆனால் உடல் அதைக் கால்சியம் என்று எடுத்துக்கொண்டு எலும்பில் சேர்த்துவிட்டால், அங்கே பத்து முதல் முப்பது ஆண்டுகள் வரை இருக்கும். காட்மியம் சிறுநீரகத்தில் ஏறத்தாழ அதே காலம் தங்கிவிடும். ஜப்பானின் தொயாமா பகுதியில் சுரங்கக் கழிவு கலந்த ஆற்றுநீர் பாய்ந்த வயல்களின் அரிசியைப் பல ஆண்டுகள் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பழுதாகி எலும்புகள் நொறுங்கின. இதாய்-இதாய் என்ற அந்த நோய்க்குக் காட்மியமே காரணம் என்று 1968-ல் அந்நாட்டு அரசு ஏற்றுக்கொண்டது. புரோட்டீன் பவுடரில் இருப்பது அந்த அளவுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் காட்மியம் எங்கே போய்ச் சேரும், எத்தனை காலம் இருக்கும் என்பதை அந்த அனுபவம் தெளிவாகக் காட்டிவிட்டது.

சோதனைகள் சொன்னது என்ன

அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் 2010-ல் 15 புரதப் பானங்களைச் சோதித்தது. நாளைக்கு மூன்று முறை குடித்தால் மூன்று பானங்களில் உலோக அளவு எல்லையைத் தாண்டியது. 2018-ல் கிளீன் லேபிள் ப்ராஜெக்ட் என்ற அமைப்பு 134 பொடிகளைச் சோதித்தது. அதே அமைப்பு 2025 தொடக்கத்தில் 70 பிராண்டுகளின் 160 பொடிகளைச் சோதித்தபோது, 47 சதவீதம் கலிபோர்னியா மாநிலத்தின் கடுமையான எல்லையில் ஏதோ ஒன்றைத் தாண்டின. அந்த ஆண்டு அக்டோபரில் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் மறுபடியும் 23 பொடிகளையும் ஷேக்குகளையும் எடுத்துப் பார்த்தது. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேலானவற்றில், ஒரே ஒரு பரிமாறலில், ஒரு நாளைக்கு என்று அது வைத்திருந்த 0.5 மைக்ரோகிராம் ஈய எல்லை கடந்திருந்தது. மிக அதிகமாக இருந்ததில் 7.7 மைக்ரோகிராம்.

இந்தக் கடைசி எண்தான் தலைப்புச் செய்தியானது. 0.5 எங்கே, 7.7 எங்கே என்று பார்த்தால் பயம் வருவது இயல்பு. ஆனால் எண்ணைப் பார்த்து முடிவெடுப்பதற்கு முன்னால் அளவுகோலைப் பார்க்க வேண்டும்.

மூன்று அளவுகோல்கள்

கலிபோர்னியா 1986-ல் வாக்கெடுப்பில் கொண்டுவந்த ப்ரொபோசிஷன் 65 சட்டம் ஈயத்துக்கு வைத்த எல்லை நாளைக்கு 0.5 மைக்ரோகிராம். இனப்பெருக்கப் பாதிப்பு தெரியாத அளவை எடுத்து, அதை ஆயிரத்தால் வகுத்து வந்த எண் அது. உணவுச் சத்துப் பொருட்களுக்கு அமெரிக்க மருந்துத் தர அமைப்பான யுஎஸ்பி வைத்திருப்பது நாளைக்கு 5 மைக்ரோகிராம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ கருத்தரிக்கும் வயதுள்ள பெண்களுக்கு, எல்லா உணவும் சேர்த்து, நாளைக்கு 8.8 மைக்ரோகிராம் என்றும் குழந்தைகளுக்கு 2.2 என்றும் குறிப்பு அளவு வைத்திருக்கிறது. இதிலும் பத்து மடங்கு பாதுகாப்பு இடைவெளி விட்டிருக்கிறார்கள்.

ஒரு ஸ்கூப்பில் (டப்பாவோடு வரும் கரண்டி அளவில்) 3 மைக்ரோகிராம் ஈயம் உள்ள பொடி ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதல் அளவுகோலில் அது எல்லையைப் போல் ஆறு மடங்கு. இரண்டாவதில் தேர்ச்சி. மூன்றாவதில் நாள் கணக்கில் மூன்றில் ஒரு பங்கு. மூன்றுமே பொய் இல்லை. முதலாவது "இதற்குமேல் போனால் மக்களுக்குச் சொல்லிவிடு" என்ற எச்சரிக்கைக்காக வைத்தது. மற்றவை வேறு நோக்கத்துக்கு வைத்தவை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வாரத்துக்கு இவ்வளவு ஈயம் தாங்கலாம் என்று முன்பு வைத்திருந்த எண்ணைச் சர்வதேச நிபுணர் குழு 2010-ல் திரும்பப் பெற்றுக்கொண்டது. மறுபுறம், பொடிகளில் முன்பு அளந்த உலோக அளவுகளை வைத்து 2020-ல் வெளியான ஓர் ஆய்வு, வழக்கமான அளவில் குடிக்கும் பெரியவர்களுக்குப் புற்றுநோய் தவிர்த்த பாதிப்புகளில் பெரிய ஆபத்து கூடவில்லை என்று கணக்கிட்டது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்து நான் வைத்திருக்கும் எல்லை இதுதான்: பொடியிலிருந்து மட்டும் நாளைக்கு 1 மைக்ரோகிராமுக்குள் ஈயம் என்றால் நிம்மதியாகக் குடிக்கலாம். 1-லிருந்து 3 வரை என்றால் தினமும் வேண்டாம், பயிற்சி செய்யும் நாட்களில் மட்டும் போதும். 5-ஐத் தாண்டினால் வாங்கவே வேண்டாம். எந்த அமைப்பும் வகுத்துக் கொடுத்த எண்கள் அல்ல இவை. ஆனால் சாப்பாட்டிலிருந்தே ஓர் அமெரிக்கப் பெரியவருக்கு நாளைக்கு 1.7 முதல் 5.3 மைக்ரோகிராம் வரை ஈயம் போகிறது என்ற எஃப்டிஏ மதிப்பீட்டோடு வைத்துப் பார்த்தால், பொடி என்ற ஒற்றைப் பொருள் மொத்தச் சாப்பாட்டுக்கு ஈடாக ஈயம் கொடுக்கக் கூடாது என்பது நியாயமான எதிர்பார்ப்பு.

பாலா, தாவரமா

ஒப்பீட்டில் முக்கியமான இடம் இதுதான். 2025 அக்டோபர் சோதனையில் தாவரப் பொடிகளின் சராசரி ஈயம் பால் சார்ந்தவற்றைப் போல் ஒன்பது மடங்கு. மாட்டிறைச்சிப் புரதத்தைப் போல் இரண்டு மடங்கு. கிளீன் லேபிள் சோதனையில் தாவரப் பொடிகளில், பாலிலிருந்து வரும் வே பொடியைப் போல் மூன்று மடங்கு ஈயம். மடங்கு மாறினாலும் இரண்டும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

காரணம் எளிது. செடி மண்ணில் நேரடியாக நிற்கிறது. பால் அப்படியில்லை. மாடு தின்ற தீவனத்தில் உள்ள ஈயத்தில் பெரும்பகுதி சாணத்தில் போய்விடும், உடலுக்குள் சேர்ந்ததில் ஒரு பகுதி எலும்பில் அடங்கிவிடும், பாலுக்கு வந்து சேர்வது மிகச் சிறிய பங்கு. அந்தப் பாலைத் திரித்து, கட்டியை எடுத்த பின் மிஞ்சும் தெளிந்த நீரிலிருந்து வருவதுதான் வே புரதம். கட்டிப் பகுதியிலிருந்து வருவது கேசின். ஈயம், காட்மியம் இரண்டிலும் இவை பொதுவாகக் கீழேதான் இருக்கும்.

அதற்காக வே என்று லேபிளில் பார்த்தாலே போதும் என்று நினைக்க வேண்டாம். அதே 2025 சோதனையில் பால் சார்ந்தவற்றில் பாதியைத் தினமும் குடிக்க வேண்டாம் என்றுதான் சோதித்தவர்கள் சொன்னார்கள். கோகோ, சுவையூட்டி, கெட்டிப்படுத்தும் பொருள், மூலிகைச் சாறு என்று டப்பாவுக்குள் வேறு பலவும் இருக்கின்றன. வே பொடியிலேயே இன்னும் அதிகம் சுத்திகரித்த ஐசொலேட் வகையை வாங்கினால் உலோகம் குறையுமா என்று பலர் கேட்கிறார்கள். ஐசொலேட்டுக்கும், அவ்வளவு சுத்திகரிக்காத கான்சென்ட்ரேட்டுக்கும் முக்கிய வித்தியாசம் லாக்டோஸும் கொழுப்பும்தான். பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு ஐசொலேட் நல்ல வழி. உலோகத்துக்காக மட்டும் அதிகம் செலவழிக்க அதில் காரணம் இல்லை.

தாவரப் பொடிகளுக்குள்ளும் வேறுபாடு உண்டு. அக்டோபர் சோதனையில் இருந்த தாவரப் பொடிகளில் பெரும்பாலானவற்றில் பட்டாணிப் புரதமே முதன்மைப் பொருள், ஈயம் மிகுந்ததும் அவற்றில்தான். அரிசிப் புரதத்துக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது, ஆர்சனிக். நெல் வயலில் தண்ணீர் கட்டும்போது மண்ணில் காற்று போய்விடும். அந்த நிலையில் ஆர்சனிக் கரைந்து நீருக்கு வரும். சிலிக்காவை உள்ளே இழுக்க நெல்லுக்கு இருக்கும் வழியிலேயே ஆர்சனிக்கும் நுழைந்துவிடும். அது தவிட்டில் அதிகம் சேர்வதால், தீட்டாத அரிசியிலிருந்து செய்த பொடி என்று பெருமையாக எழுதியிருப்பது இந்த ஒரு விஷயத்தில் நல்ல செய்தி இல்லை. ஹெம்ப் எனும் சணல் வகை விதை, ஆளிவிதை, சூரியகாந்தி விதை ஆகியவை மண்ணிலிருந்து காட்மியத்தை இழுத்துச் சேர்க்கும் இயல்புள்ள செடிகளிலிருந்து வருபவை. பல விதைகளைக் கலந்த பொடியில் ஒவ்வொன்றின் உலோகமும் தன் பங்குக்கு வந்து சேரும்.

முட்டை வெள்ளைக்கருப் பொடியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கோழியின் உடலில் ஈயம் இருந்தால் அது மஞ்சள் கருவுக்கும் ஓட்டுக்கும்தான் அதிகம் போகும். பால் ஆகாதவருக்கு, முட்டை சாப்பிடுவதில் தடையில்லை என்றால், பட்டாணிக்கு முன் இதைத்தான் நான் பார்க்கச் சொல்வேன். கொலாஜன் பொடியை இந்த வரிசையில் சேர்க்கவே எனக்கு மனமில்லை. அதில் டிரிப்டோபன் என்ற இன்றியமையாத அமினோ அமிலமே கிடையாது. தசைக்காகப் புரதம் தேடுகிறவருக்கு அது உகந்த தேர்வல்ல.

பால், முட்டை இரண்டையும் கொள்கையாகத் தவிர்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டு மனம் மாற வேண்டியதில்லை. அவர்களுக்கு வழி இருக்கிறது: ஒரே மூலப்பொருளுள்ள, சுவை சேர்க்காத, சோதனை முடிவை எண்ணோடு வெளியிடும் தாவரப் பொடியை எடுக்கலாம். முழு ஸ்கூப்புக்குப் பதில் அரை ஸ்கூப் போட்டு, மீதிப் புரதத்தைப் பருப்பு, சோயா போன்றவற்றிலிருந்து பெறலாம்.

சாக்லேட்டா, வெனிலாவா

இதில் யோசிக்கவே தேவையில்லை, சாக்லேட்டை விட்டுவிடலாம். 160 பொடிகளின் சோதனையில் சாக்லேட் சுவையில் வெனிலாவைப் போல் நான்கு மடங்கு ஈயம். காட்மியம் 110 மடங்கு வரை. கோகோ மரம் காட்மியத்தை மண்ணிலிருந்தே எடுத்துக் கொட்டைக்குள் வைக்கிறது. ஈயமோ பெரும்பாலும் அறுவடைக்குப் பின், கொட்டைகளைத் திறந்தவெளியில் புளிக்கவைத்துக் காயப்போடும்போது தூசியாக வந்து ஒட்டுகிறது. எந்தப் பிராண்டாக இருந்தாலும் கோகோ கோகோதான். சாக்லேட் இல்லாமல் முடியாது என்பவர் சுவை சேர்க்காத வே பொடியைக் குடித்துவிட்டு, ஆசைக்கு எப்போதாவது ஒரு துண்டுச் சாக்லேட்டைத் தனியாகச் சாப்பிடட்டும். தினமும் இரண்டையும் ஒரே கோப்பையில் குடிப்பதைவிட அது மேல்.

ஆர்கானிக் என்றால் சுத்தமா

வாங்குபவர்கள் ஏமாறும் இடம் இது. அதனால் எனக்குக் கோபமும் வருகிறது. ஆர்கானிக் சான்று பூச்சிக்கொல்லி, செயற்கை உரம் ஆகியவற்றைப் பற்றியது. மண்ணில் ஏற்கெனவே இருக்கும் ஈயத்தையும் காட்மியத்தையும் அது அளப்பதில்லை. கிளீன் லேபிள் சோதனையில் ஆர்கானிக் பொடிகளில் மற்றவற்றைப் போல் மூன்று மடங்கு ஈயமும் இரண்டு மடங்கு காட்மியமும் இருந்தன. ஆர்கானிக் விவசாயம் ஈயத்தைக் கூட்டுகிறது என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆர்கானிக் பொடிகளில் பெரும்பாலானவை தாவரப் பொடிகள், அதுவே காரணத்தில் பெரும்பங்காக இருக்கலாம். ஆனாலும் உலோகத்துக்குப் பயந்து, கூடுதல் காசு கொடுத்து, பச்சை முத்திரையைப் பார்த்து வாங்குபவருக்கு எதிர்பார்த்தது கிடைக்கவில்லை என்பது உண்மை.

மாஸ் கெய்னர்

எடை கூட்டும் பொடிகளில் ஒரு பரிமாறல் என்பது 300 கிராமைத் தாண்டுவதுண்டு. சாதாரணப் பொடியின் ஸ்கூப் 30 கிராம். இங்கேதான் கணக்கு முக்கியம். முன்பு சொன்ன அந்த 7.7 மைக்ரோகிராம் பொடி ஒரு மாஸ் கெய்னர். கிராமுக்கு என்று பிரித்தால் அது மோசமான பொடியே இல்லை, ஒரு கிராமில் 0.025 மைக்ரோகிராம் அளவில்தான் வரும். 30 கிராம் ஸ்கூப்பில் 1.5 மைக்ரோகிராம் உள்ள பொடியில் கிராமுக்கு அதைப் போல் இரண்டு மடங்கு இருக்கிறது. ஆனால் உடலுக்குக் கிராம் கணக்கு தெரியாது, மொத்தம்தான் தெரியும். அரிசி மாவு, மால்டோடெக்ஸ்ட்ரின், சர்க்கரை என்று நிரப்பிய பொடியைப் பெருமளவில் குடிப்பதைவிட, வே பொடி ஒரு ஸ்கூப்போடு சாப்பாட்டை ஒரு வேளை கூட்டிச் சாப்பிடுவது எடை ஏறவும் நல்லது, உலோகத்துக்கும் நல்லது. இந்த வகையில் வாங்கத் தகுந்தது என்று எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

பாட்டிலில் ரெடியாக வரும் ஷேக்குகளுக்கும் இதே கணக்குத்தான். பால் சார்ந்தது, சாக்லேட் இல்லாதது என்றால் சரி.

முத்திரைகளும் சோதனைத் தாள்களும்

டப்பாவின் மேல் இருக்கும் முத்திரைகள் எல்லாம் ஒன்றையே சொல்வதில்லை. இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட் முத்திரையின் முதன்மை வேலை விளையாட்டில் தடைசெய்த ஊக்கமருந்துகள் இல்லை என்று உறுதி செய்வது. போட்டியாளருக்கு அது மிகவும் தேவை. ஈயத்துக்கான உத்தரவாதமாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. என்எஸ்எஃப் நிறுவனத்தின் சான்று கன உலோகங்களையும் சோதனையில் சேர்க்கிறது. அதன் சர்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட் முத்திரை இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது. யுஎஸ்பி சரிபார்ப்பு முத்திரையும் உலோக எல்லைகளைக் கணக்கில் எடுக்கிறது. முத்திரை இருந்தால் முட்டாள்தனமான அளவுகள் இருக்காது என்று நம்பலாம். 0.5-க்குக் கீழ் என்று நம்ப முடியாது.

அதற்கு மேல் தெரிய வேண்டுமென்றால் தொகுதிச் சோதனைச் சான்றை, அதாவது ஒரே தடவையில் தயாரித்த பொடிக்கான (பேட்ச்) ஆய்வகத் தாளைத்தான் கேட்க வேண்டும். பல நிறுவனங்கள் இதைக் கேட்டால் அனுப்புகின்றன. ஆனால் அந்தத் தாளைப் படிக்கத் தெரியாவிட்டால் பயனில்லை. நான் முதலில் பார்ப்பது தொகுதி எண். டப்பாவின் அடியில் உள்ள எண்ணும் தாளில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே பிராண்டில் ஒரு தொகுதிக்கும் அடுத்ததற்கும் உலோக அளவு மாறும், ஏனென்றால் பட்டாணி வந்த வயலே மாறியிருக்கும். அடுத்தது, சோதித்தது யார். நிறுவனத்தின் சொந்த ஆய்வகமா, ஆய்வகங்களுக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 17025 அங்கீகாரம் பெற்ற வெளி ஆய்வகமா? முறை என்ற இடத்தில் ஐசிபி-எம்எஸ் என்று இருந்தால் மிகச் சிறிய அளவையும் பிடிக்கும் கருவியில் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள்.

அப்புறம் எண். பெரும்பாலும் கிலோவுக்கு மில்லிகிராம் என்று போட்டிருப்பார்கள், சிலர் பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று எழுதுவார்கள், இரண்டும் ஒன்றுதான். அதை ஸ்கூப் கிராமால் பெருக்கினால் மைக்ரோகிராம் வந்துவிடும். 0.02 என்றால் 30 கிராமில் 0.6 மைக்ரோகிராம், நல்ல பொடி. 0.1 என்றால் 3 மைக்ரோகிராம். பல தாள்களில் சோதனை முடிவே இருக்காது, "0.5-க்குக் குறைவு, தேர்ச்சி" என்று மட்டும் இருக்கும். 30 கிராமுக்கு அது 15 மைக்ரோகிராம் வரை எதுவாகவும் இருக்கலாம். அந்தத் தேர்ச்சி வாங்குபவருக்கு எதையும் சொல்லவில்லை. "கண்டறியப்படவில்லை" என்ற வரியும் அப்படித்தான். எந்த அளவுக்குக் கீழே கருவியால் பார்க்க முடியவில்லை என்பது பக்கத்தில் இருக்க வேண்டும். அது 0.1 என்றால், கண்டறியாத ஈயம் ஸ்கூப்புக்கு 3 மைக்ரோகிராம் வரை இருக்க இடமுண்டு. 0.005 என்றால் உண்மையிலேயே நிம்மதி.

ஈயத்தோடு காட்மியத்தையும் பாருங்கள். கலிபோர்னியா எல்லை நாளைக்கு 4.1 மைக்ரோகிராம், யுஎஸ்பி எல்லை 5. அக்டோபர் சோதனையில் ஒரு தாவரப் பொடியில் ஒரு பரிமாறலுக்கு 9.2 வந்தது. ஆர்சனிக் வரியில் கனிம ஆர்சனிக் தனியாக இருந்தால் இன்னும் நல்லது, உடலுக்குக் கேடு அதிகம் செய்வது அதுதான். பாதரசம் பொடிகளில் பொதுவாகப் பிரச்சினையாக வருவதில்லை.

பொடி வேண்டுமா என்ற கேள்வி

பொடிகளை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு முன்பே இதைக் கேட்டிருக்கலாம். ஆனால் பொடியைப் பற்றித் தெரிந்த பிறகு கேட்டால்தான் பதில் தெளிவாக வரும் என்று நினைத்து இங்கே வைத்தேன். சாதாரணப் பெரியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம். எடை தூக்கித் தசை வளர்ப்பவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் வரை பலன் தெரியும், அதற்கு மேல் கூட்டினால் பெரிதாக எதுவும் கூடுவதில்லை. அதே 60 கிலோவுக்கு 96 கிராம்.

ஒரு முட்டையில் 6 கிராம், 250 மில்லி பாலில் 8 கிராம், வேகவைத்த பருப்பு 100 கிராமில் 9 கிராம், சமைத்த கோழி நெஞ்சுக்கறி 100 கிராமில் 30 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. ஒரு நாள் சாப்பிட்டதை எழுதிக் கூட்டிப் பார்த்தால், பலருக்கு இடைவெளி 20 கிராமுக்குள்தான் இருக்கும். அதற்கு ஒரு ஸ்கூப் போதும், சிலருக்கு அதுவும் வேண்டாம். காலையில் ஒன்று, பயிற்சிக்குப் பின் ஒன்று, படுக்குமுன் ஒன்று என்று ஜிம்மில் சொல்லிக் கொடுத்ததை அப்படியே செய்கிறவர் மூன்று மடங்கு உலோகத்தையும் சேர்த்து வாங்குகிறார். நல்ல பிராண்டுக்கு மாறுவதைவிட, மூன்றை ஒன்றாகக் குறைப்பதே பலருக்குப் பெரிய லாபம்.

உணவிலும் உலோகம் இருக்கத்தானே செய்கிறது என்ற கேள்வி நியாயமானது. இருக்கிறது. ஆனால் உணவு பல இடங்களிலிருந்து, பல வகையாக வருகிறது. ஒரே வயலின், ஒரே தொகுதியின் செறிவை மாதக்கணக்கில் தினமும் விழுங்குவது பொடியில்தான் நடக்கிறது. கூடவே பருப்பிலும் பாலிலும் வரும் இரும்பும் கால்சியமும் உதவிக்கு இருக்கின்றன. உடலில் இரும்பு குறைந்தால் குடல் ஈயத்தையும் காட்மியத்தையும் அதிகமாக உறிஞ்சும், கால்சியம் குறைந்தாலும் ஈயம் அதிகம் உள்ளே போகும். வெறும் வயிற்றில் குடித்தாலும் அப்படியே. ஆகவே பொடி குடிக்கிறவர்கள் அதைச் சாப்பாட்டோடு குடிப்பது, எந்தச் செலவும் இல்லாமல் செய்யக்கூடிய மாற்றம்.

யாருக்கு எது

இருபது முப்பது வயதில் ஆரோக்கியமாக இருக்கும், பால் ஒத்துக்கொள்ளும் ஒருவருக்கு: வெனிலா அல்லது சுவை சேர்க்காத வே, என்எஸ்எஃப் போன்ற சான்றோடு, நாளைக்கு ஒரு ஸ்கூப். இதில் எனக்குத் தயக்கம் இல்லை.

கர்ப்பிணிகள், கருத்தரிக்கத் திட்டமிடுபவர்கள், பாலூட்டும் தாய்மார்கள் மருத்துவர் சொல்லாமல் பொடியைத் தொட வேண்டாம். கர்ப்பத்திலும் பாலூட்டும்போதும் எலும்பு கால்சியத்தை வெளியே விடும். பல ஆண்டுகளுக்கு முன் சேர்ந்த ஈயமும் அதோடு கிளம்பி, நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தைக்குப் போகும். கருத்தரிக்க இன்னும் சில ஆண்டுகள் இருக்கிறதே என்று நினைக்கும் இளம்பெண்களும் இதைக் கணக்கில் வைக்க வேண்டும். இன்று எலும்பில் சேர்வது அப்போதும் அங்கேதான் இருக்கும்.

குழந்தைகளுக்கு வேண்டவே வேண்டாம். பெரியவர் குடல் உறிஞ்சும் ஈயம் பத்தில் ஒரு பங்கு அளவு என்றால், சிறு குழந்தையின் குடல் பாதிவரை உறிஞ்சிவிடும். வளரும் மூளைக்கு ஈயம் செய்யும் கேடு திரும்பிச் சரியாவதில்லை. ஜிம்முக்குப் போகத் தொடங்கும் பதின்வயதினருக்கும் முட்டையும் பாலும் பருப்புமே போதும். பெற்றோர் இதில் உறுதியாக இருக்க வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்குப் புரத அளவே மருத்துவர் முடிவு செய்ய வேண்டியது, காட்மியம் போய்ச் சேரும் இடமும் அதே சிறுநீரகம். ரத்தசோகை உள்ளவர்கள் முதலில் அதைச் சரிசெய்துவிட்டுப் பொடிக்கு வரட்டும்.

வயதாகித் தசை கரையும் பெரியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்தச் செய்திகளைப் படித்துப் பயந்து பொடியை நிறுத்திவிடக் கூடாதவர்கள் அவர்கள்தான். மெல்ல முடியாமல், பசியில்லாமல் இருக்கும் ஒருவருக்குப் புரதம் குறைவதால் வரும் கேடு உடனடியானது, விழுந்தால் எலும்பு முறியும் வரை போகும். அவர்களுக்கு நல்ல வே பொடி ஒரு ஸ்கூப் கொடுப்பதில் வரும் நன்மை அதிகம்.

பல ஆண்டுகளாக அதிக அளவில் குடித்து வந்தவர்களுக்கு மனக்கவலை இருந்தால் ரத்தத்தில் ஈய அளவைப் பார்த்துக்கொள்ளலாம். அது அண்மையில் உள்ளே போனதைத்தான் நன்றாகக் காட்டும், எலும்பில் இருப்பதைக் காட்டாது. உலோகத்தை வெளியேற்றும் டீடாக்ஸ் என்று விற்கும் மாத்திரைகளையும் பொடிகளையும் வாங்கவே வாங்காதீர்கள். உண்மையான உலோக நீக்கச் சிகிச்சை மருத்துவமனையில், கடுமையான நச்சுக்கு, கண்காணிப்போடு செய்வது. அது தேவையான தாதுக்களையும் சேர்த்து இழுத்துவிடும்.

கையில் பாதி தீர்ந்த டப்பா இருக்கிறது, என்ன செய்வது? அது பால் சார்ந்ததாக இருந்தால் நாளைக்கு ஒரு ஸ்கூப்புக்கு மேல் போகாமல் சாப்பாட்டோடு குடித்து முடித்துவிடுங்கள். சாக்லேட் சுவையுள்ள தாவரப் பொடி என்றால் பயிற்சி நாட்களில் மட்டும் அரை ஸ்கூப். தொகுதி எண்ணைக் குறிப்பிட்டு, இந்தத் தொகுதியில் ஒரு ஸ்கூப்புக்கு எத்தனை மைக்ரோகிராம் ஈயம், எத்தனை காட்மியம் என்று நிறுவனத்துக்கு எழுதிக் கேளுங்கள். எண் வந்தால் மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். "எங்கள் பொருள் எல்லாத் தரங்களுக்கும் உட்பட்டது" என்று மட்டும் பதில் வந்தால், அடுத்த டப்பாவை எண்ணைச் சொல்லும் இன்னொருவரிடம் வாங்குங்கள்.